மழை விட்ட பாதை

பாஸ்கருக்கு வீட்டு வேலை தெரியாது என்று விஜயா இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு அந்தப் பேச்சைப் பொய்யாக்கியே தீருவது என்று அவர் கங்கணம் கட்டிக்கொண்டார். சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டார். கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும், இருந்தாலும் சாம்பார்தான். வாஷிங் மெஷினில் வெள்ளைத் துணியையும் கலர் துணியையும் பிரித்துப் போட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் சாமி படங்களை ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். முருகனில் ஆரம்பித்து வாசல் பிள்ளையாரில் முடிப்பது அவள் வழக்கம். அதிலும் மாற்றம் இல்லை. இந்த ஒரு வேலையை அவர் விஜயாவைவிட ஒழுங்காகவே செய்தார். அதுதான் வினையாகப் போனது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முதல் வருஷத் திதி. ஐயர் காலை ஒன்பதரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்; பதினோரு மணிக்கு அவருக்கு வேறொரு புதுக் குடியிருப்பில் கிரகப்பிரவேசம். மகள் பார்கவி சிட்னியில், பரமட்டாவில் ஆஸ்பத்திரி பார்மசி ஒன்றில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை காலை விமானத்தில் வருகிறாள். பாஸ்கர் வெள்ளிக்கிழமை மத்தியானமே லீவு போட்டுவிட்டு, நகரத்துக்கு வெளியே வெரிபீயில் இருந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் எல்லாப் படங்களையும் இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாமி படங்கள் முடிந்தன. விஜயாவின் போட்டோவும் முடிந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. படையலுக்குப் பின்னால் போட்டோவை மட்டும் ஏன் வைக்க வேண்டும்? அவள் கையால் வரைந்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் என்ன? அவள் வாழ்க்கையில் தனக்கென்று செய்துகொண்டது அது ஒன்றுதானே.

யோசனையில் ஒரு குறையும் இல்லை. கராஜ் கதவுப் பக்கம் இருட்டு நடையில் தொங்கிய படத்தைக் கழற்றி வந்தார். ஒரு முழ அகலம் இருக்கும். மரச்சட்டம் உண்டு, கண்ணாடி இல்லை. துணியை வாளியில் நனைத்துப் பிழிந்து, மற்ற படங்களைத் துடைத்தது போலவே நடுவில் அழுத்தி ஒரு தடவை துடைத்தார். தூசி சரியாகப் போகவில்லை என்று இன்னொரு தடவை. மூக்குக் கண்ணாடி அடுப்படியில் இருந்தது. துணியை வாளியில் அலசும்போது தண்ணீர் பழுப்பாகக் கலங்கியது. துணியில் பழுப்பும் சாம்பலும், நடுவே அரக்குச் சிவப்பாக ஒரு கோடும் இருந்தன. சிவப்பைப் பார்த்து, சாமி படத்துக் குங்குமம் என்று நினைத்தார். ஆனால் பழுப்பு எங்கிருந்து வந்தது?

ஓடிப்போய் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். மேலே வானம் அப்படியே இருந்தது. வரிசையாக நின்ற மரங்கள் இருந்தன. நடுவில் பாதை இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துப்போய், ஈரமாக, ஒன்றுமே இல்லாமல் கிடந்தது. அங்கே ஏதோ இருந்தது. அது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரியும். என்ன இருந்தது என்பதுதான் தெரியவில்லை.

ஒரு வருடமாகச் சுவரில் தொங்கிய படத்தில் என்ன இருந்தது என்று தெரியாதா என்று கேட்டால், தெரியாதுதான். விஜயா இருந்தபோது அவர் அதைப் பார்க்கவில்லை, நேரமில்லை. அவள் போன பிறகும் பார்க்கவில்லை, மனசில்லை. துணிமணியை எடுத்துக் கொடுத்துவிட்டார், செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டார், அதற்கெல்லாம் கலங்காத மனிதர் அந்தப் படத்தைத் தாண்டும்போது மட்டும் முகத்தை எதிர்ச்சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். பார்த்தால் அழுகை வரும், அழுதால் எட்டு பன்னிரண்டு ரயிலைப் பிடிக்க முடியாது.

அந்தப் படம் வந்த கதை இதுதான். விஜயா குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று சனிக்கிழமைகளில் சமூகக் கூடத்து ஓவிய வகுப்பில் சேர்ந்தாள். மூன்று தெரு தள்ளி இருக்கும் ரஞ்சினி என்ற யாழ்ப்பாணத்துப் பெண்தான் இழுத்துக்கொண்டு போனவள். ஒரு நாள் வகுப்பில் எல்லோரையும் நகரத்துப் பெரிய கேலரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு படத்தின் முன்னால் விஜயா அரை மணி நேரம் நின்றாளாம். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் பிரான்சில் யாரோ ஒருவர் வரைந்த கிராமத்துப் பாதை. மழை பெய்து விட்டிருக்கிறது, பாதையில் தண்ணீர் தேங்கி வானம் தெரிகிறது, ஒரு பக்கம் உயரமான மரங்கள், தூரத்தில் சர்ச் கோபுரம். அவ்வளவுதான். அதைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும் என்று பிடிவாதமாக ஆறு மாதம் உட்கார்ந்தாள்.

"ஒரு தடவ வந்து பாருங்களேன். உங்க ஆபீஸ்லேர்ந்து நடந்தா இருபது நிமிஷம். டிக்கெட்கூடக் கிடையாது," என்றாள்.

"வர்ற வாரம் போலாம்," என்றார் பாஸ்கர். அந்த வாரம் வரவே இல்லை.

வரைந்து முடித்ததும், "இதுக்கு ஒரு கண்ணாடி போடணும். ஹார்ட்வேர் கடைப் பக்கம் போனா வெட்டிட்டு வாங்க," என்று மூன்று தடவை சொன்னாள். அளவைக்கூட ஒரு சீட்டில் எழுதிக் காரில் வைத்தாள். அந்தச் சீட்டு இப்போதும் காரில்தான் இருக்கிறது. படம் சுவருக்குப் போன இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் காப்பகத்துப் பிள்ளைகளுக்குப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பாஸ்கர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை அப்படியே கொடுத்துவிடுவார். ஆனால் எப்போதும் ஒரு அவசரம். நடக்கும்போது நான்கு எட்டு முன்னால்தான் போவார். கோயிலுக்குப் போனால், இவள் கார்க் கதவைச் சாத்திவிட்டு நிமிர்வதற்குள் அவர் கோபுரத்தடியில் நிற்பார். "கொஞ்சம் நில்லுங்க, நானும் வர்றேன்" என்பதைத்தான் விஜயா கல்யாணமானதிலிருந்து அதிக தடவை சொல்லியிருப்பாள். தலைக்கு மேல் வேலை இருக்கிறவன் எப்படி நிற்பது என்று அவர் கேட்பார். அந்த வேலையும் என்ன வேலை என்கிறீர்கள்? பேக்கப் எடுப்பது. ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் இருப்பது எதுவும் தொலைந்துபோகாமல் மூன்று இடத்தில் நகல் வைப்பது. ஊர்க்காரர்களின் கோப்பெல்லாம் பத்திரமாக இருந்தது. விஜயாவின் போன் மட்டும், இடமில்லை, நகல் எடுக்க முடியவில்லை என்று தினம் சொல்லிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று சொல்லிவந்தவர், அவள் இறந்த நாற்பதாம் நாள் அதைச் சுத்தமாகத் துடைத்து, தஞ்சாவூரில் அவள் தங்கைக்கு அனுப்பிவிட்டார்.

பாஸ்கர் போன் பண்ணிக் கூப்பிட்டதில், சனிக்கிழமை காலை ரஞ்சினி தூரிகைப் பெட்டியோடு வந்தாள். பின்னாலேயே பார்கவியும் வாடகைக் காரில் வந்து இறங்கினாள். படத்தைப் பார்த்ததும் ரஞ்சினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணை, இது தண்ணிக் கலரெல்லோ. ஈரம் பட்டாக் கரைஞ்சு போடும். வகுப்பில ரீச்சர் நூறு தரம் சொன்னவ."

"எனக்குத் தெரியாதேம்மா. சுவத்துல அடிக்கிற பெயின்ட் மாதிரின்னு நெனச்சேன்."

"கண்ணாடி போடோணும் எண்டு விஜயாக்கா சொல்லிக்கொண்டே இருந்தவ."

பார்கவி தகப்பனை ஒரு பார்வை பார்த்தாள்; அவளுக்குக் கண்ணாடிக் கதை ஏற்கெனவே தெரியும்.

"சரி பண்ண முடியுமாம்மா? நாளைக்குப் படையல்ல வெக்கணும்," என்றார் பாஸ்கர். கெஞ்சுகிற குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

ரஞ்சினி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "போன கலர் போனதுதான். ஆனா அதுக்கு மேல புதுசாக் கலர் வைச்சுக் கீறலாம். வானம், மரம் எல்லாம் தப்பீட்டுது, பாதை மட்டும்தானே. அதில என்ன இருந்தது எண்டு சொல்லுங்கோ, பின்னேரத்துக்குள்ள முடிச்சுத் தாறன்."

"நீங்க பாத்ததில்லையா?"

"இல்லை. வகுப்பில மரத்தோட நிப்பாட்டீட்டா. மிச்சத்தை வீட்டில வைச்சுத்தான் கீறினவ. முடிஞ்சாப் பிறகு காட்டுறன் எண்டா, அதுக்குள்ள…" ரஞ்சினி நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதோ அண்ணை? உங்கட வீட்டிலதானே தொங்கினது?"

பாஸ்கர் மகளைப் பார்த்தார். "நீ பாத்தியாம்மா?"

"எங்கப்பா பாக்குறது? நான் வந்தப்ப எல்லாப் படத்தையும் சுவத்தப் பாத்துத் திருப்பி வெச்சிருந்தாங்க. துக்க வீட்ல படம் பாக்கக்கூடாதுன்னு துக்கத்துக்கு வந்த ஆன்ட்டிங்கதானே திருப்புனாங்க. பதினாறு முடிஞ்சு நீங்கதான் திருப்பியிருப்பீங்க. அதுக்குள்ள ஐ வாஸ் பேக் இன் சிட்னி."

ஆக, அந்தப் பாதையைக் கண்ணால் பார்க்க வாய்ப்பிருந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் படத்தைத் திருப்பி மாட்டிய அன்றைக்கும் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி ஒரு வருடம் நடந்திருக்கிறார்.

ரஞ்சினிதான் வழி சொன்னாள். "இதுக்கேன் யோசிக்கிறியள்? உண்மையான படம் கேலரியில இருக்குத்தானே. நானும் மரத்தையும் வானத்தையும்தான் வடிவாப் பாத்தனான், பாதை ஞாபகமில்லை. ஆனா விஜயாக்கா அதை அச்சொட்டாக் கீறினவ, ஒரு கொப்பைக்கூட மாத்தேல்லை. அதில இருக்கிறதுதான் இதிலயும் இருந்திருக்கும். நீங்கள் ரெண்டு பேரும் போய்ப் போட்டோ எடுத்து அனுப்புங்கோ."

பாஸ்கருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நகல் போனால் என்ன, அசல் இருக்கிறதே! இதுதானே அவர் தொழில். குளிக்காமல்கூடக் கிளம்பிவிட்டார். ரயிலில் பார்கவி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவர்தான் பேசிக்கொண்டே வந்தார். மாடாக இருக்கும், அந்தக் காலத்துப் படங்களில் மாடு இல்லாமல் இருக்காது. இல்லாவிட்டால் வைக்கோல் வண்டி. ரஞ்சினி வண்டி வரைவாளா, சக்கரம் கஷ்டமாயிற்றே என்றெல்லாம் கவலைப்பட்டார்.

ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட்டில் இறங்கிப் பாலத்தைத் தாண்டினால் கேலரி. பதினாலு வருடமாக அவர் தினமும் இறங்கிய ஸ்டேஷனுக்கு முதுகுப் பக்கத்தில்தான் அது இருந்தது. உள்ளே ஒருவரிடம் வழி கேட்டு, மாடி ஏறி, மூன்று அறை தாண்டிப் போனார்கள். பார்கவிதான் முதலில் கண்டுபிடித்தாள்.

பொன் பூசிய சட்டத்துக்குள், விஜயாவின் படத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. மற்றபடி அதேதான். வலப்பக்கம் ஏழு மரங்கள். பாஸ்கர் எண்ணினார், ஏழு. மூன்றாவது மரம் கொஞ்சம் சாய்ந்து நின்றது, விஜயாவின் மரமும் அப்படித்தான். மேகத்தின் கிழிசல், வயலோரத்து வேலி, விரல்நுனி அளவு சர்ச் கோபுரம், எல்லாம் அதே. நடுவில் பாதை நனைந்து கிடந்தது, சக்கரத் தடத்தில் தண்ணீர் மின்னியது.

பாதையில் யாரும் இல்லை. மாடு இல்லை, வண்டி இல்லை. ஒரு காக்காய்கூட இல்லை.

"வேற படமா இருக்குமோ?" என்றார்.

"இதாம்பா. ஏழு மரம், நீங்களே எண்ணினீங்களே."

"இல்லம்மா, அதுல ஏதோ இருந்துச்சு. நான் தொடச்சப்ப துணியில…" என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். இந்தப் படத்தில் பழுப்பு இருந்தது, பச்சை இருந்தது, சாம்பல் இருந்தது. ஓரம் ஓரமாகத் தேடினார். சிவப்பு இல்லை. ஒரு பொட்டுச் சிவப்பு எங்கேயும் இல்லை. துணியில் அரக்குச் சிவப்பாக வந்த கோடு குங்குமம் இல்லை. விஜயாவிடம் அந்த நிறத்தில் ஒரு குளிர் ஜாக்கெட் இருந்தது. இங்கே குளிர் தொடங்கும் மே மாதம் எடுத்துப் போட்டால் செப்டம்பர்வரை கழற்ற மாட்டாள். சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்கப் போகும்போதெல்லாம் அதுதான்.

அறை நடுவே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அம்மா உனக்கு போட்டோ எதுவும் அனுப்பலியா? முடிச்சப்ப அனுப்பியிருப்பாளே," என்றார்.

"கேட்டேம்பா. 'மொதல்ல அப்பா பாக்கட்டும், அப்புறம் உனக்கு'ன்னா. உங்களுக்குத்தான் அனுப்பியிருப்பா."

பாஸ்கர் போனை எடுத்தார். விஜயாவின் வாட்ஸ்அப்பை அவர் அழிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. காலை வணக்கம், வேல், மயில், பால் வாங்கிட்டு வாங்க, மறுபடி வேல். அவளிடமிருந்து வரும் படங்கள் தானாக இறங்கி போனை நிரப்பக்கூடாது என்று அவரே நிறுத்தி வைத்திருந்ததால் எல்லாப் படங்களும் மங்கலாகவே நின்றன. மேலே தள்ளிக்கொண்டே போனார். அவள் இறப்பதற்குப் பதினெட்டு நாள் முன்னால், மயிலுக்கும் பாலுக்கும் நடுவில், அது இருந்தது. மங்கலான ஒரு சின்னச் சதுரம். மேலே வெளுப்பு, ஓரத்தில் பச்சை, நடுவில் பழுப்பு. பழுப்புக்குள் இரண்டு திட்டு. ஒன்று கருநீலம், ஒன்று அரக்கு. அவருடைய ஆபீஸ் கோட்டும் கருநீலம்தான்.

கீழே எழுதியிருந்தாள்: "முடிச்சிட்டேன். அந்தப் படத்துல பாதை சும்மா கெடந்துது, பாவமா இருந்துச்சு. யாரு நடக்குறாங்கன்னு பெரிசு பண்ணிப் பாருங்க."

அதற்குக் கீழே அவர் பதில். உயர்த்திய கட்டைவிரல் ஒன்று. நான்கு நிமிடத்தில் போட்டிருந்தார்.

சதுரத்தை அழுத்தினார். ஒரு வட்டம் சுற்றியது. இந்தப் படம் இப்போது கிடைக்காது, அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லவும் என்று வந்தது. இறக்காமல் விட்ட படத்தைக் கம்பெனிக்காரன் காலம் முழுக்கக் காத்துக்கொண்டிருக்க மாட்டான் என்பது பாஸ்கருக்குத் தெரியாததா? அடுத்தவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்துத்தான் அவர் சம்பளம் வாங்குகிறார். இருந்தும் இன்னொரு தடவை அழுத்தினார். பிறகு இன்னொரு தடவை. அனுப்பியவரிடம் கேட்கச் சொன்னது.

பார்கவி அவர் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கொஞ்சம் தள்ளிப்போய் வேறொரு படத்தின் முன்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மங்கல் சதுரத்தை அவர் விரலால் விரித்துப் பார்த்தார். விரிக்க விரிக்க இரண்டு நிறமும் ஒன்றில் ஒன்று கலந்து வெறும் கட்டங்களாகப் போயின. மூக்கோடு ஒட்டிப் பார்த்தார், கையை நீட்டித் தள்ளிப் பார்த்தார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் அவரைத் தன் பக்கத்தில் வரைந்தாளா, இல்லை எப்போதும் போல நான்கு எட்டு முன்னால் வரைந்தாளா? பக்கத்தில் என்றால் அவள் ஆசைப்பட்டது அது. முன்னால் என்றால் அவள் பட்டது அது. பெரிசு பண்ணிப் பாருங்க என்று சொன்னவள் எதைப் பார்க்கச் சொன்னாள் என்பது அவருக்கு இனிமேல் தெரியப்போவதில்லை.

கேலரியை விட்டு வெளியே வந்தபோது லேசாகத் தூறியது. பாலத்தில் ஏறும்போது ரஞ்சினி கூப்பிட்டாள்.

"என்ன அண்ணை, போட்டோ இன்னும் வரேல்லை? பாதையில என்ன இருந்தது?"

"அசல்ல ஒண்ணும் இல்லம்மா. வெறும் பாதை. விஜயா தானாவே ரெண்டு பேர வரஞ்சிருக்கா. அவளும்… நானும்."

ரஞ்சினி மெதுவாக, வேலை தெரிந்தவர்கள் கேட்பது போலக் கேட்டாள்: "ஓம், அது பிரச்சினையில்லை, நான் கீறுவன். எப்பிடி நடக்கினம் எண்டு சொல்லுங்கோ. பக்கத்தில பக்கத்திலயோ, முன்னுக்குப் பின்னோ?"

"தெரியலம்மா."

"அப்ப பக்கத்தில பக்கத்தில கீறிவிடட்டோ? அதுதான் வடிவா இருக்கும். அக்காவும் அப்பிடித்தான் கீறியிருப்பா."

பாஸ்கர் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொல்லியிருந்தால் நாளைக்குப் படையலில் அவர்கள் இரண்டு பேரும் அந்தப் பாதையில் சேர்ந்து நடந்திருப்பார்கள், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பக்கத்தில் திரும்பினார். பக்கத்தில் அவள் இல்லை. அவர் பாலத்தின் முடிவுக்கே வந்துவிட்டிருந்தார். பார்கவி அங்கே பின்னால், பாலத்தின் நடுவில், தூறலில் பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு தனியாக வந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டுக்கூடப் பார்க்கவில்லை, அவளுக்கும் பழகிவிட்டது.

"அண்ணை? கேக்குதோ?"

"வேண்டாம்மா," என்றார் பாஸ்கர். "யாரையும் போட வேண்டாம். பாதை சும்மாவே கெடக்கட்டும்."